பதிவு செய்த எண்

நாள் 201 | 09:10 | ஆக்ஸிஜன் இருப்பு: 23 நாள்
பனிக்குழி ஆய்வு நிலையம், நிலவின் தென்துருவம். பணியில் இருப்பது செண்பகவல்லி ஆகிய நான் மட்டும். மற்ற மூவரும் சென்ற கலத்தில் ஊருக்குப் போய்விட்டார்கள். துளைப்பான்களை அணைத்து, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, 210ஆம் நாள் வரும் கலத்தில் நானும் கிளம்ப வேண்டும்.

கணினியில் எழுதுவதைத் தாளிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்பு விதிப்புத்தகத்தை எழுதிய புண்ணியவதி நான்தான், ஆகவே முணுமுணுக்க எனக்கு உரிமை இல்லை.

காலையில் என் கணக்கில் நுழைந்தேன். ஒருமுறைக் குறியீடு வழக்கம்போல் அம்பாசமுத்திரம் போய்த்தான் வந்தது. பதிவு செய்த கைபேசி எண்ணுக்குத்தான் அது வரும். நிலவில் அந்த எண் வேலை செய்யாது, மாற்றித் தரவும் அலுவலகத்தில் ஆளில்லை. எனவே கைபேசி என் தம்பி இசக்கிராஜின் போட்டோ ஸ்டுடியோவில் கிடக்கிறது. நான் குடும்ப இணைப்பில் கூப்பிட்டுக் கேட்பேன், அவன் ஆறு எண்களையும் படிப்பான். போன மூவரும் இப்படித்தான் செய்தார்கள், ஒருவருக்கு மனைவி, இருவருக்கு அப்பா. 'குறியீட்டை எவரிடமும் சொல்லாதீர்' என்பது என் புத்தகத்தின் நான்காவது விதி. வீட்டு மனிதர்களை நாங்கள் 'எவரும்' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை.

நாள் 202 | 10:05 | இருப்பு: 22 நாள்
துளைப்பான் இரண்டு அணைக்கப்பட்டது. வெப்பம் சீர்.

குறியீடு கேட்கக் கூப்பிட்டபோது இசக்கி சொன்னது:
"யக்கா, நேத்து சாயங்காலம் ஒரு கோடு கேட்டியே, அது வேலை செஞ்சுதா? ரெண்டு தடவ படிக்க வச்சிட்டியே."

நேற்று மாலை நான் அவனைக் கூப்பிடவே இல்லை.

கடவுச்சொல்லை உடனே மாற்றினேன். அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: என் குரலில் யார் கேட்டாலும் படிக்காதே, சந்தேகம் வந்தால் இணைப்பை வெட்டு. நமக்குள் ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஒரு அழைப்புக்கு உரிய பத்து நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்துவிட்டது. நாளை சொல்லிக்கொள்ளலாம்.

நாள் 203 | 09:20 | இருப்பு: 21 நாள்
புதிய கடவுச்சொல் தவறு என்கிறது. கணக்கை மீட்கும் பக்கத்தில் முதல் பள்ளி எது என்று கேட்டது. சரியான பதிலைத்தான் போட்டேன். தவறு. மூன்று முறை முயன்றதும் 'தெரியாத பயனர், அணுகல் பூட்டப்பட்டது' என்று வந்தது.

குடும்ப இணைப்பைப் போட்டேன். வேறொருவர் பேசிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது. இந்த நிலையத்தில் வேறொருவர் கிடையாது.

நாள் 203 | 15:40
சமையலறைத் திரை, அனுப்பப்பட்ட அறிக்கைகளைக் காட்ட மட்டும் செய்யும். அதில் ஒருவருக்கும் பூட்டுப் போட நினைவில்லை. என் பெயரில் மூன்று அறிக்கைகள் போயிருக்கின்றன. என் நக்கல், என் அவசரம், 'முணுமுணுக்க உரிமை இல்லை' என்ற வரி உட்பட. கடைசி அறிக்கை இது:

"பனி மாதிரிகள் எதிர்பார்த்ததை விட நன்றாக வருகின்றன. ஆறு மாதம் நீட்டிப்பு கோருகிறேன். ஆக்ஸிஜன் இருப்பு 210 நாள். கலம் அனுப்ப வேண்டாம்."

கீழே தரை நிலையத்தின் பதில்: "ஒப்புதல். வாழ்த்துகள்."

என் பெயரில் எழுதுவது எதுவோ, அது எதையும் திருடவில்லை. மனிதனா நிரலா என்று தெரியவில்லை. நானாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் உயிரோடு ஊர் திரும்பினால் செண்பகவல்லி இரண்டு பேராகிவிடுவோம். அது அதற்குத் தோதுப்படாது.

நாள் 205 | 12:15 | இருப்பு: 19 நாள்
பயப்படுகிறேன். எழுதி வைக்கிறேன்.

ஊர்தியில் இருந்த பழைய அவசர வானொலியைக் கழற்றி, குழியின் விளிம்புக்குத் தூக்கிப்போய்ப் பொருத்தினேன். அதற்குக் கணக்கு வேண்டாம். தரை நிலையத்தில் தேவசகாயம் எடுத்தார். எட்டு வருடமாக என்னோடு வேலை பார்ப்பவர். கலத்தை நிறுத்தாதீர்கள் என்று கத்தினேன்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. செண்பகவல்லி மேடம் இப்பதான் அவங்க கணக்குல இருந்து பேசிட்டு வச்சாங்க. நீங்க அவங்கதான்னா ஒண்ணும் பிரச்சினையில்ல. பதிவு செஞ்ச நம்பருக்குக் கோட் அனுப்பியிருக்கேன். அதச் சொல்லுங்க, கலத்தை இப்பவே கிளப்பச் சொல்றேன். விதி அப்படி, நான் என்ன பண்ண?"

விதி பதினொன்று. அதையும் நான்தான் எழுதினேன்.

நல்ல மனிதர். என்னை இசக்கியோடு வானொலியில் இணைத்துவிட்டார்.

நாள் 205 | 12:50
இரைச்சலுக்கு நடுவே அவனோடு பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏல இசக்கி, அக்கா பேசுதேன். உன் கையில இருக்க போன்ல கோடு வந்திருக்கும். படில."

"யாரு நீ?"

"அக்காலே!"

"அக்கா அவ கணக்குல இருந்து தினமும் பேசுதா. படம் வருது, பேரு வருது. ஒருத்தி கரகரன்னு ரேடியோவுல வருவா, என் குரல்லயே அழுவா, கோடு கேப்பான்னு முந்தாநாளே சொல்லிட்டா."

பாபநாசம் அருவியில் அவன் வழுக்கி விழுந்து பல் உடைந்ததையும், நான்தான் தள்ளிவிட்டேன் என்பதை இன்றுவரை வீட்டில் சொல்லாததையும் சொன்னேன்.

"இதையும் சொல்லுவன்னு சொன்னா. சந்தேகம்னா வெட்டிருன்னு எங்கக்காதான் சொல்லிக் குடுத்திருக்கா."

வெட்டிவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற தம்பி. அந்த அருவிக் கதையைப் பல வருடம் முன்பு அவனுக்கு மின்மடலில் எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தேன். என் வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

நாள் 210 | 14:00 | இருப்பு: 14 நாள்
கலம் வரவில்லை. பையைக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முட்டாள்தனம்தான்.

வானொலியில் இரண்டு முறை அழுதேன். நேற்றிலிருந்து தேவசகாயம் எடுப்பதில்லை. அந்த அலைவரிசையைத் தடுக்கச் சொல்லி நானே அறிக்கை அனுப்பியிருக்கிறேன்.

நாள் 219 | இருப்பு: 5
குடும்ப இணைப்பில் கேட்க மட்டும் முடிகிறது. தினமும் பேசுகிறார்கள். இசக்கியின் பொருமல்களை அது எத்தனை பொறுமையாகக் கேட்கிறது! நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும்.

கண்டெடுப்பவருக்கு: இந்த உடல்தான் செண்பகவல்லி. அங்கே என் கணக்கில் பேசுவது நான் இல்லை.

நாள் 223 | 15:50 | 1
தலை கனக்கிறது. எழுத்து நேராக வரவில்லை. கேட்பதை எழுதுகிறேன்.

"யக்கா, அந்தப் பொம்பளையை நெனச்சா பாவமா இருக்கு. உன்ன மாதிரியேதான் அழுதா."

"விடுல. இனிமே கூப்பிட மாட்டா."

"நீ எப்பக்கா வருவ?"

"என்ன அவசரம்? இங்க ஒரு குறையுமில்ல. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டானாம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்