அறுபதில் அடங்கிய உறுமல்

ஏனுங்க என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, தூக்கமும் வருகிறது. உங்கள் காரை வாரம் ஒருமுறை நானே எடுத்து ஓட்டுகிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது காம்பவுண்டுச் சுவரில் லேசாக உரசிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், பெயின்ட் அடித்தாயிற்று.

அந்தக் காரைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன மாதம் நம் மகள் நித்யா, "ஏம்மா, அப்பா கார வித்துப்போடலாமா? உனக்குச் சின்னதா ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிக்கலாம்" என்றாள். காங்கேயத்தில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். அவருக்கு வண்டி பிடித்திருந்தது, சத்தம்தான் பிடிக்கவில்லை. யாருக்குத்தான் பிடித்தது? பெரிய குழாயாகப் பார்த்து நீங்களே வளைத்து மாட்டிய சைலன்சர் ஆயிற்றே. டாப் கியரில் அறுபதைத் தொட்டதும் ஹூம் என்று ஒரு உறுமல் கிளம்பிக் காதை அடைத்துவிடும். எழுபதைத் தாண்டினால்தான் விடும். அதைக் குறைத்துக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமையே எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னாராம்.

எனக்கு விற்க மனமில்லை. ஆனால் வாய் "சரி கண்ணு" என்றது. என் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா?

சுந்தராபுரத்தில் சைலன்சர் கடை வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர் செல்வராஜிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணன் போட்ட பைப்புல கை வெக்க வேண்டாமுங்க டீச்சர். பக்கவாட்டுல ஒரு ரெசனேட்டர் குழாய் ஒட்டுனாப் போதுமுங்க" என்றார். ஒரு முனை மூடிய வெறும் குழாய்தான் அது. உள்ளே போகிற உறுமல் மூடிய முனையில் முட்டித் திரும்பி வந்து, அடுத்து வருகிற உறுமலை அமுக்கிவிடும். அந்த ஒன்று மட்டும் போகும், வண்டியின் மற்ற சத்தம் அப்படியே இருக்கும். நீளம் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்றார்.

முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இசைக்கவையும் குழாயும் வைத்துச் சோதனை செய்து காட்டியவளிடம் நீளத்தைப் பற்றிப் பேச்சா? அறுபதில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றும் என்று கேட்டுக்கொண்டு, ஒரு அட்டைப்பெட்டியின் மேலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மூன்றரை அடி. அவரும் வெட்டி, வெல்டிங் வைத்து மாட்டினார். ஓட்டிப் பார்த்தோம். அறுபதில் அதே உறுமல், துளியும் குறையவில்லை.

செல்வராஜ் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். நீங்க போட்ட கணக்கு வெளிக் காத்துக்குங்களா? இதுக்குள்ள ஓடறது கொதிக்கற புகையாச்சுங்களே."

என் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சூட்டில் ஒலி வேகமாக ஓடும் என்று எழுதாத எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் குறைத்திருப்பேன். லேபில் போட்டுப் பழகிய அதே வேகத்தை இங்கேயும் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு வருஷத்துக்கு இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருப்பீர்கள். திரும்பக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஐந்தடி வந்தது. செல்வராஜ் குழாயை நீட்டி, வண்டிக்கு அடியிலேயே மடக்கி மாட்டினார்.

மறுபடி பொள்ளாச்சி ரோட்டில் இறங்கினோம். அறுபது வந்தது, உறுமல் வரவில்லை. நானோ பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். "எனக்கு இத விக்கவே புடிக்கல. என்னை யாரு கேக்கறாங்க" என்று என் குரலே எனக்குக் கேட்டதும் திடுக்கிட்டுப் போனேன். இருபது வருடமாக அந்த உறுமலுக்குள்தான் நான் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டில் சொல்ல வாய் வராததையெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்லிவிடுவேன். உங்களுக்குக் கேட்காது என்ற தைரியம்.

பக்கத்தில் இருந்த செல்வராஜ் சிரித்துவிட்டார். "இந்தக் குழாய ஒட்டறேன்னு அண்ணன்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேனுங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. 'ஊட்டுல எல்லாத்துக்கும் சரி சரிம்பா. அறுபதுல போனாத்தான்டா மனசுல இருக்கறது வெளிய வருது. எனக்குக் கேக்கலைன்னு நெனச்சுக்கறா, இருந்துட்டுப் போகட்டும்'னாருங்க."

வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். பாவம், செல்வராஜ் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சமையலறையில் எனக்கு எட்டாத பரணை நான் கேட்காமலே இறக்கிக் கட்டினீர்கள். அந்தியூர் குதிரைச் சந்தையை நான் பார்த்ததே இல்லை என்று முனகிய அந்த ஆடியிலேயே, யாரோ கூப்பிட்டதாகச் சொல்லிக் கூட்டிப்போனீர்கள். எல்லாம் தானாக அமைந்தது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? அப்படியென்றால் உங்கள் அக்காவைப் பற்றி நான் பேசியதெல்லாமும் கேட்டதா?

வீட்டுக்கு வந்ததும் நித்யாவின் எதிரில் போய் நின்றேன். "கண்ணு, நான் சரின்னு சொன்னது பொய். இந்தக் கார விக்க எனக்கு இஷ்டமில்ல."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா?" என்றாள். அப்போதே காங்கேயத்துக்காரருக்குப் போன் போட்டு, விற்கவில்லை என்று சொல்லிவிட்டாள். இவ்வளவு சுலபமா இது? எனக்கு ஐம்பத்தெட்டு வயது வரை யாரும் சொல்லவில்லையே.

வண்டி நம் வீட்டிலேயே இருக்கும். நானே ஓட்டுவேன். இனிமேல் மனதில் இருப்பதை எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. முதலில் உங்களிடமே ஆரம்பிக்கிறேன். என்னை விட்டுவிட்டு நீங்கள் முந்திக்கொண்டு போனது எனக்குப் பிடிக்கவில்லைங்க.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி
சரோஜா