வாசலைப் பார்த்த பீரங்கி

மரக்காணம்
9.11.2005

அன்புள்ள கௌதமுக்கு,

அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, உன் தங்கை ரேணுகா மூவரும் நலம். நீயும் நலம் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன், நீ ஒரு வரி எழுதி இரண்டு மாதமாகிறது. மழை பிடித்துக்கொண்டது, உப்பளம் முழுக்கத் தண்ணீர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அங்கே மஸ்கட்டில் கிடைக்கிற தைலம் கேட்கிறாள்.

பீரங்கி விஷயத்தை அம்மா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் ஜப்பான்காரனுக்குப் பயந்து கொண்டுவந்து வைத்து, ஒரு குண்டுகூடச் சுடாமல் உப்பளக் கரையில் விட்டுப்போனது. அதைச் சீர்செய்து நினைவுச் சின்னமாக வைக்கச் சொல்லிப் பதினோரு மனு எழுதியவன் நான். கல்வெட்டில் இருப்பதோ விழாக் குழுத் தலைவர் சிவஞானத்தின் பெயர். பள்ளி இறுதித் தேர்வில் என் சரித்திரத் தாளைப் பார்த்து எழுதி என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்கியவன் வேறென்ன செய்வான். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வெள்ளிப் பெயிண்ட் அடித்து, நம் வீட்டுக்குக் கிழக்கே மேடை கட்டித் திறந்தார்கள். குழலை எந்தப் பக்கம் திருப்புவது என்று முன்பே பெரிய சண்டை. கிழக்கே என்றால் குப்பத்துக்காரர்கள், போட்டுல திரும்பி வர்றப்போ எங்க மூஞ்சிக்கு நேரா பீரங்கியா என்றார்கள். தெற்கே என்றால் கூனிமேட்டு பாய் ஒருவர், நாங்க என்னா தப்பு பண்ணோம் தம்பி என்று சிரித்தாராம். வடக்கே மாரியம்மன் கோயில். மேற்கே நான் ஒருவன், எனக்குக் கூட்டமும் கிடையாது கொடியும் கிடையாது. நம் வாசலுக்கு நேராகவே வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் கைவிட்டு நசுங்கக் கூடாதென்று பட்டறை பக்கிரி திரும்புகிற இடத்தையெல்லாம் வெல்டிங் வைத்துவிட்டான்.

ஆவணியில் அனுமந்தை காசிலிங்கம் தன் மகனுக்கு ரேணுகாவைப் பெண் பார்க்க வந்தார். உப்பளம் வைத்திருக்கும் நல்ல குடும்பம், பையனை அவளுக்கும் பிடித்துவிட்டது. காசிலிங்கம் மட்டும் காபியைத் தொடாமல் வாசலையே பார்த்தார். சுடாதுங்க, குழலுக்குள்ள சிமெண்ட் அடைச்சாச்சு என்றேன். சுடாதுன்னு எனக்கும் தெரியுதுங்க வாத்தியாரே, ஆனா பாக்குதே என்றார். வாசலுக்கு நேரே இப்படி ஒன்று நின்றால் வாசல்குத்தாம், அந்த வீட்டில் பெண் எடுப்பதில்லையாம். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போனது உனக்குத் தெரியும், அவளுக்கு இருபத்தேழு நடக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் சிவஞானத்தோடு பேசாத நான், பீரங்கியைத் திருப்பி வைக்கும்படி பக்கிரியிடம் சொல்லி அனுப்பினேன். வந்த பதில், மேடையோட கான்கிரீட்டு, திருப்ப முடியாது, வேணும்னா வாத்தியாரு வூட்ட திருப்பிக்கச் சொல்லுடா. அவன் கிண்டலுக்குச் சொன்னான், நான் செய்துவிட்டேன். முன் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, கிணற்றடிப் பக்கம் சுவரை இடித்துக் கதவு வைத்தாயிற்று. எனக்குப் பைத்தியம் என்றாள் அம்மா. காசிலிங்கம் வந்து அடைத்த சுவரைத் தட்டிப் பார்த்து, இப்ப சரிங்க, அது சுவத்தப் பாத்துக்குனு இருக்கட்டும் என்று அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார். ரேணுகா சிரித்ததை வெகுநாள் கழித்துப் பார்த்தேன். ஆனால் புதுக் கதவு திறப்பது சிவஞானத்தின் வாசலுக்கு நேராக. தினம் காலையில் வேப்பங்குச்சியோடு அவன் முகத்தில் விழிக்கிறேன், அவனும் என் முகத்தில். எதிர்க்கதவு தனக்குக் குத்தாம், இரண்டு முழம் தள்ளி வைக்கச் சொல்லி ஆள் விடுகிறான். என் வீட்டைத் திருப்பியாச்சு, இனி அவன் வீட்டைத் திருப்பிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் தை பத்தொன்பது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட மச்சினன் நீ ஒருவன்தான், பத்து நாள் முன்பே லீவு சொல்லிவிட்டு வா. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே. உனக்கு ஒரு குறையும் வராது, அப்பா அம்மா ஆசி உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கிப் பழைய வாசலுக்குப் போகாதே, சுவரில் முட்டிக்கொள்வாய். புதுக் கதவு இருக்கிற சந்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது, ஊரில் எல்லோரும் ஒரே அடையாளம்தான் சொல்கிறார்கள். பத்திரிகை அச்சடிப்பவனும் வேறு வழியில்லை சார் என்று அதையே போட்டுவிட்டான். எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் நீ வழி தவறக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. தனக்கோடி, எம்.ஏ., பி.எட்.,
சிவஞானம் வீட்டுக்கு எதிர்வீடு.