ஊதினால் நார்மல், நடந்தால் எண்பத்தொன்று

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். தென்னைக்குத் தண்ணீர் விட மோட்டார் போட்டுவிட்டு வாசலுக்கு வருவதற்குள் மூச்சுத் திணறல்.

சனிக்கிழமை நாமக்கல்லில் மறுபடி குழாயில் ஊதும் டெஸ்ட். மூன்றாவது முறை. மறுபடி நார்மல். மருமகன் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "மாமா, உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. சும்மா பயந்துக்கறீங்க."

போர்வெல் போடும் ரிக் வண்டியில் இருபத்தாறு வருடம் பாறை துளைத்தவன். கல்தூசியும் பீடியும்தான் சாப்பாடு. நான் பயந்துகொள்கிறேனாம்.

பீடி விட்டு நான்கு மாதம். இருமல் அப்படியே.

ஜூன் 11, புதன்

மேகமூட்டம். காற்று.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியோடு என்னைக் கேட் வரை நடக்கவிட்டாள் சரசு. கூடவே அவளும், கண் கருவி மேலேயே. உட்கார்ந்தால் 96. நடந்தால் 81. மூன்று தடவையும் அப்படியே. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

"ஏனுங்க, இத்தன நாளா எல்லாரும் உங்கள உக்கார வெச்சே பாத்திருக்காங்க!"

முப்பத்தைந்து வருட மனைவி. இன்றுதான் சரியாகப் பார்த்தேன் போல.

ஜூன் 16, திங்கள்

சேலம். நெஞ்சு டாக்டர், பெண். சரசுவின் தாளை இரண்டு முறை படித்தார். "யாரும்மா எழுதினது?" "நாந்தானுங்க." வராந்தாவில் நடக்கவைத்தார்கள். 79. பிறகு சி.டி. ஸ்கேன்.

மாலையில் படத்தைக் காட்டி, "ஐயா, மேல்பக்கம் காத்துப் பைங்க உடைஞ்சு பெருத்துப் போச்சு, எம்பைசீமா. கீழ்ப்பக்கம் தழும்பு விழுந்து இறுகிப் போச்சு, ஃபைப்ரோசிஸ். ஒண்ணு பெருக்குது, ஒண்ணு சுருக்குது. அதனால ஊதுறப்ப கணக்கு சரியா வந்துடுது. ரத்தத்துக்குத்தான் ஆக்சிஜன் போய்ச் சேரல."

ஒன்றல்ல, இரண்டு வியாதி!

"குணமாகுங்களா?"

"பழையபடி ஆகாதுங்க. இறுகறத மெதுவாக்க மாத்திரை இருக்கு. நடக்கறப்ப ஆக்சிஜன், கூடவே பயிற்சி. நல்லா நடக்கலாம்."

அழுதேன். துக்கமில்லை. நான் பொய்க்காரன் இல்லை, அது போதும்.

பஸ்ஸில் ஏறும் முன்பே சரசு போன் போட்டுவிட்டாள். "மாப்ள, உங்க மாமா பயந்துக்கலீங்க. ஸ்கேன் இருக்குது, வந்து பாருங்க." என்ன குரல் அது!

ஜூன் 17, செவ்வாய்

மருமகன் வந்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தப்பா சொல்லிப்போட்டேனுங்க மாமா." மோட்டார் போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ராத்திரி நான் சாப்பிட்டது தோசை நான்கு.

ஆகஸ்ட் 20, புதன்

தூறல். சேலம் ஆஸ்பத்திரியில் பயிற்சி எட்டாவது வாரம். மாத்திரையால் வயிறு கொஞ்சம் மோசம், பரவாயில்லை.

ஆறு நிமிட நடை டெஸ்ட். உருளும் ஸ்டாண்டில் சிலிண்டர், மூக்கில் குழாய். முதல் வாரம் 190 மீட்டர். இன்று 340! ஆக்சிஜன் 89-க்குக் கீழே இறங்கவே இல்லை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"நேரம் முடிஞ்சுதுங்கய்யா, உக்காருங்க" என்றது நர்ஸ் பெண். உட்காரவில்லை. சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வராந்தா, வாசல், வேப்பமரம் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம்.

பின்னால் சரசு, முழங்காலைப் பிடித்தபடி. "ஏனுங்க, மெதுவாப் போங்க, என்னால வர முடியலீங்க!"

நின்றேன். அவளுக்காக.