வடிகட்டிய தண்ணீர்

அம்மா,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் எஸ்டேட் பைப் தண்ணீரில் எவ்வளவு சேறும் கிருமியும் இருக்கின்றன என்பதுதான் என் கடைசி ஆண்டு ஆய்வு. வாராவாரம் பைப்பிலிருந்து நேரே போத்தலில் பிடித்து, நான் படிக்கும் நீலாய்க்கு வேலைக்கு வரும் ஸ்டீவன் மாமாவிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். சோதித்ததில் எல்லாமே சுத்தமாக வந்தது. அப்படியே எழுதிக் கொடுத்து 'ஏ' வாங்கினேன். அதன் நகல் ஒன்று நம் எஸ்டேட் ஆபீசுக்கும் போனது.

நேற்று நீங்களே பெருமையாகச் சொல்கிறீர்கள்: "துணியில வடிகட்டி, கொதிக்க வச்சுத்தான்லா அனுப்புனேன். படிச்சவங்க கைக்கு அழுக்குத் தண்ணியவா கொடுக்கிறது? நம்மள என்னா நெனைப்பாங்க?"

புது பைப் கேட்டு ஆபீசுக்குப் போனவர்களை, "உங்க பிள்ளையே தண்ணி சுத்தம்னு எழுதிருச்சே" என்று சொல்லி, அங்கே கணக்கெழுதும் கிராணி திருப்பி அனுப்பிவிட்டாராம்.

நாளை லெக்சரரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். ஆய்வை முதலிலிருந்து செய்யச் சொல்வார். பட்டம் தள்ளிப்போகும், போகட்டும்.

என் முதுகுச் சொறிக்கு இத்தனை வருடம் மருந்து தடவியது நீங்கள்தானே? யாரென்றே தெரியாத லெக்சரருக்காக வடிகட்டினீர்களே, என்னைக் குளிப்பாட்டிய தண்ணீரை ஒருநாளாவது வடிகட்டினீர்களா?

உங்கள் மகள்