காலிறகுச் சேவலின் இன்றைய விலை

ஏங்க,

நம் காலிறகுச் சேவலின் விலை இன்று காலையிலிருந்து ஐம்பதாயிரம். பத்து மணிக்கு பேக்கரிக்காரர் கூடையோடு வருவார். அவரிடம் இதையே சொல்லுங்கள். "அக்கா ஆறாயிரம்னு பேசித்தானே சார் அட்வான்ஸ் வாங்கினாங்க? ஒரு முழம்கூட இல்லாத கோழிக்கா இவ்ளோ?" என்று குதிப்பார். குதிக்கட்டும். அட்வான்ஸ் ஆயிரம் கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐம்பதுக்கும் தலையாட்டினால் எண்பது என்று ஏற்றுங்கள். வாங்கிய அட்வான்ஸைத் திருப்புவது என் அப்பா கடையில் நடக்காத காரியம். அவர் காதுக்குப் போக வேண்டாம்.

உங்களைக் கேட்காமல் விலை பேசியது தப்புதான். நேற்று "உனக்கு எல்லாமே சரக்குதான்" என்றீர்கள். அந்த வீம்பில் விற்றே தீருவேன் என்று நின்றேன். விடியற்காலையில் பின்கதவு வழியாகப் பார்த்தேன். வெந்நீரில் அதன் காலைக் கழுவி, என் ஹேர் டிரையரால் இறகு இறகாக உலர்த்திக்கொண்டிருந்தீர்கள். "போற எடத்துல உன்னை யாரும் கொறை சொல்லக் கூடாதுடா" என்று அதனிடம் சொன்னதும் கேட்டது. அதற்குமேல் பேரம் பேச எனக்குத் தெம்பில்லை.

நான் வேலைக்குக் கிளம்புகிறேன். இப்போது அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனமில்லை. சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. நேற்று சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

கூண்டில் மரத்தூள் ஈரமாக இருக்கிறது. மாற்றாவிட்டால் கால் கழுவியது வீண்.

இன்னொன்று, வீட்டுக் கணக்கு: சேவல் ஒன்று, பெட்டை நாலு, கோபம் இரண்டு. என்னுடையதைத் தள்ளுபடி செய்துவிட்டேன். உங்களுடையது பாக்கி.