மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை

சித்திரபுரம்,
19-11-1978

அன்பு மகன் பொன்ராஜுக்கு அம்மா ராமுத்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி சின்னத்தாயும் மாரியம்மன் தயவில் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே பம்பாயில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். உன்மேல் இப்போது எனக்கு இருக்கிற கோபத்திலும் இந்த வரியை மனதாரத்தான் எழுதுகிறேன். இதற்குமேல் வருவதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து கடைசிவரை படி.

ஐப்பசி மழை இந்த வருஷம் விடவே இல்லை. பள்ளிவாசல் இறக்கத்தில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் வரவில்லை. தேயிலை எஸ்டேட் கிரீச்சில் நான் பார்க்கிற பதினேழு பிள்ளைகளுக்கும் சளி, ஒன்று இருமினால் எல்லாம் இருமுகின்றன. கொழுந்து எடுத்து எடுத்து சின்னத்தாய்க்கு விரலெல்லாம் வெடித்திருக்கிறது. உன் மாமா பெரியமுத்து அவளுக்கு கரண்டு ஆபீஸ் குவார்ட்டர்ஸில் ஒரு வரன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறான், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். வீட்டு விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மெதுவாக வரலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. உன் படக் கம்பெனியிலிருந்து இங்கே படம் எடுக்க வந்தாரே, யாரைக் கேட்டு நீ அந்த டைரக்டரிடம் எங்கள் அம்மா அப்பாவைச் சுட்டவனை மன்னித்துவிட்டாள் என்று சொன்னாய்? அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் என்னைக் கும்பிட்டு, உங்களைப் போல ஒரு தாயை நான் பார்த்ததே இல்லை, புருஷனைக் கொன்றவனையே மன்னித்த மனசு என்று இங்கிலீஷில் சொல்லி, அதை நம் ஸ்கூல் டீச்சர் ஞானஜோதி தமிழில் சொன்னபோது, வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். உன் மகன்தான் சொன்னானாம் அக்கா என்றாள் டீச்சர். கோர்ட்டில் தீர்ப்பு வந்த அன்று சாமி பார்த்துக்கொள்ளும் என்று உன்னிடம் சொன்னேனே, அதையா நீ மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாய்? என்னால் எதுவும் செய்ய முடியவில்லை என்று அழுது சொன்ன வார்த்தை அது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிறவர்களிடம் கொடுத்திருக்கிறாய்.

நீ அப்போது மதுரையில் படித்துக்கொண்டிருந்தாய், அடக்கத்துக்குத்தான் வந்தாய், அதனால் நடந்ததை உனக்கு மறுபடி ஞாபகப்படுத்துகிறேன். எழுபத்தொன்றாம் வருஷம் தை மாசம் உன் அப்பாவும் அவர் கூட்டாளி மொக்கையனும் மொக்கையன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆனைக்கரைக்குப் போனார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஏலத்தோட்டத்து வழியாக நடந்தார்கள், அது எல்லோரும் நடக்கிற வழி. அந்த வாரம்தான் நம் தமிழ் ஜனத்தைப் பாண்டிகள் என்று சொல்லி, பாண்டிகள் வந்து இடத்தைப் பிடிக்கிறார்கள், அடித்துத் துரத்த வேண்டும் என்று அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது. தோட்டத்து வாட்ச்மேன் துப்பாக்கியோடு வழியை மறித்தான். அவன் பேரை நான் எழுத மாட்டேன். முன்னால் போன இரண்டு மலையாளிகளை எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்டு, அவர்கள் பதில் சொன்னதும் விட்டுவிட்டான். அவர்கள் வளைவு திரும்பும்போது பின்னால் இரண்டு வெடிச் சத்தம், உன் அப்பாவும் மொக்கையனும் அங்கேயே செத்து விழுந்தார்கள். அந்த இரண்டு மலையாளிகளும் யாருக்கும் பயப்படாமல் கோர்ட்டில் வந்து சாட்சி சொன்னார்கள், அவர்கள் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர்கள் வளைவு திரும்பிய பிறகு என்ன நடந்தது என்று பார்த்தவர் யாருமில்லை. அவன், இரண்டு திருடர்கள் கத்தியோடு பாய்ந்தார்கள், பயந்துபோய்ச் சுட்டேன் என்றான். உன் அப்பாவைத் திருடன் என்று சொல்லித்தான் தண்டனையைக் குறைத்துக்கொண்டான். இங்கே லயத்து வீடுகளில் ஜனம் என்ன பேசியது தெரியுமா? சங்கையாவுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடாச்சே, ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா உசிர் தப்பியிருக்குமே, வீம்பு பிடிச்ச மனுசன் என்றார்கள். கேட்டுக் கேட்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏழு வருஷமாக நான் சுட்டவன்மேல் பாதியும் செத்தவர்மேல் பாதியுமாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இதை உனக்கு நான் எழுதியதில்லை.

இனி படக்காரர்கள் செய்ததைக் கேள். முதல் நாள் எனக்கு ஒரு வெள்ளைச் சேலை கொண்டுவந்தார்கள். நான் என்றைக்கு வெள்ளை கட்டினேன்? என் பச்சைச் சேலையோடுதான் வருவேன் என்றேன். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி விளக்கு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். அணைத்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள். மூன்றாவது தடவை சொன்னபோது, ஏம்மா டீச்சர், ஏத்துன விளக்கை ஊதி அணைக்கச் சொல்லுதாகளே, இவுகளுக்கு வீட்ல தாய் தகப்பன் இல்லையா என்று கேட்டேன். அவள் அதை எப்படிச் சொன்னாளோ, அதோடு விட்டார்கள். உங்கள் சாமி மன்னிக்கச் சொல்கிறதா என்று டைரக்டர் கேட்டார். எங்கள் சாமி நியாயம் கேட்கச் சொல்லும் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத் திரும்ப அதே இடத்தில் நிற்கச் சொன்னார்கள். ஒரு ஜீப் வந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். நன்னடத்தை என்று பங்குனியில் வெளியே விட்டார்களாம், ஜெயிலிலேயே பக்திமானாக மாறிவிட்டானாம். கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், கூடவே கைத்தாங்கலாக அவனுடைய வயதான அம்மா. கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. அவன் ஓடி வந்து காலில் விழப் போனான். வராதே என்று நான் கையை நீட்டினேன். அவன் குனிந்த வேகத்தில் அவன் தலை என் உள்ளங்கையில் வந்து முட்டியது. அவ்வளவுதான். டைரக்டர் கட் என்று கத்தினார், கத்திவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமராவுக்குத் துணி போட்டு மூடிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் ஆசீர்வாதம் செய்ததாக நாளைக்கு ஊரெல்லாம் காட்டுவார்கள். அந்தக் கை தள்ளுவதற்கு நீட்டிய கை, பொன்ராஜ். இதைப் பத்துத் தடவை படி.

டைரக்டரும் மற்றவர்களும் கொஞ்சம் தள்ளி டீ குடிக்கப் போனார்கள், டீச்சர் என்னோடு நின்றாள். அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்திருந்தான். அம்மா, என்னோடு க்ஷமிக்கணும் என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. எதுக்குலே மன்னிக்கணும், திருடனைச் சுட்டதுக்கா, எம் புருசன் கத்தியோட வந்தாரா, இந்த அம்மனுக்கு முன்னால சொல்லு என்று கேட்டேன். அவன் டைரக்டர் பக்கம் பார்த்தான். அவுகளைப் பாக்காதே, என்னைப் பாத்துச் சொல்லு என்றேன். அவன் அம்மா அவன் தோளில் ஒரு அடி வைத்து, பறயடா, ஏழு கொல்லமாயிட்டு நீ என்னோடும் பறஞ்ஞிட்டில்லல்லோ என்று அழுதாள். பெற்ற தாயிடமே அவன் ஏழு வருஷமாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் சொன்னான். கத்தி இல்லையாம், கையில் ஒரு பையில் வெற்றிலை பாக்கும் பழமும்தான் இருந்ததாம். உன் அப்பாவை எங்கே போகிறாய் என்று கேட்டானாம். அவர் நல்ல மலையாளத்தில் ஆனைக்கரைக்குக் கல்யாணக் காரியமாகப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்டு இவர் மலையாளிதான் என்று நினைத்து, சரி நீ போ என்று விட்டுவிட்டானாம். உன் அப்பா பத்தடி தாண்டிவிட்டாராம். பின்னால் வந்த மொக்கையனைக் கேட்டபோது அவனுக்குப் பாஷை வரவில்லை, திருதிருவென்று முழித்திருக்கிறான். இவன் துப்பாக்கியைத் தூக்கியிருக்கிறான். அப்போது உன் அப்பா திரும்பி வந்திருக்கிறார். அவனுக்கு பாஷை தெரியாது, என்னிடம் கேள், நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சொல்லி மொக்கையனுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார். அவரை ஞான் போகச் சொன்னதுதானே அம்மா, அவர் போயில்லா, திரும்பி வந்நு என்று அவன் மண்ணில் தலையை முட்டிக்கொண்டு சொன்னான். துப்பாக்கியைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். இந்த வழியாக இனி ஒரு பாண்டியும் போகக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது முதலாளிதான் என்று பேரோடு சொன்னான். இத்தனையும் சொல்லும்போது அந்தக் கேமரா துணிக்குள்ளே கிடக்கிறது. இதைப் படம் எடுக்கத் தோன்றவில்லை அந்தப் படித்த மனிதருக்கு. நான் கூப்பிட்டேன், டீச்சர் ஓடிப்போய்ச் சொன்னாள், எங்கள் படம் மன்னிப்பைப் பற்றியது, கேஸைப் பற்றியது இல்லை என்றாராம். உண்மை என்று ஒன்று வராமல் மன்னிப்பு மட்டும் எங்கிருந்து வரும் என்று நீயாவது அவரிடம் கேள்.

நான் அவனிடம் ஒன்றுதான் சொன்னேன். இதை என்கிட்ட சொன்னது பத்தாது, எங்கே என் புருசனைத் திருடன்னு சொன்னியோ அங்கே போய்ச் சொல்லு, சொல்லுத நாள் வரைக்கும் என் முகத்துல முழிக்காதே என்றேன். முதலாளி ஆட்கள் தன்னை உயிரோடு விட மாட்டார்கள் என்றான். திரும்பி வந்தாரே அவருக்கும் உயிர் ஒன்றுதான் இருந்தது என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். அன்று மத்தியானமே மொக்கையன் பெண்டாட்டி செல்லாத்தாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் இரண்டு கையையும் எடுத்து அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம், என் ஆளுக்குப் பாஷை தெரியாம போச்சே அக்கா என்று அழுதாள். பாஷை தெரியாதது ஒரு குற்றமா என்று அவளை ஏசினேன். ஏசிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன், தபாலில் போடுவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை டீச்சர் பேருக்கு அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது, திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வருகிறேன், அம்மாவும் வர வேண்டும் என்று. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் நானும் செல்லாத்தாளும் டீச்சரும் முதல் பஸ்ஸில் போனோம். அவன் வந்திருந்தான். மாலை சந்தனம் ஒன்றும் இல்லை, அவன் அம்மா மட்டும் கூட இருந்தாள். அன்றைக்கு அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன இரண்டு பேரில் ஒருவரையும் கையோடு கூட்டி வந்திருந்தான். வக்கீல் எழுத எழுத எல்லாவற்றையும் சொன்னான், முதலாளி பேரையும் சொன்னான், கையெழுத்துப் போட்டான். டீச்சர் வரிவரியாக எனக்குத் தமிழில் சொன்னாள். சங்கையா கையில் ஆயுதம் எதுவும் இல்லை என்ற வரியை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கேஸ் மறுபடி எடுப்பார்களா என்பது தெரியாது, மனு கொடுக்கலாம், காலம் பிடிக்கும் என்றார் வக்கீல். வெளியே வந்ததும் அவன் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றான். நான் என்ன சொல்வேன் என்று அவன் மட்டுமில்லை, செல்லாத்தாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயில் அந்த வார்த்தை வரவில்லை பொன்ராஜ். தேடிப் பார்த்தேன், உள்ளே இல்லை. இன்னைக்கு நீ மனுசனா நடந்துக்கிட்டே, அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதே என்று மட்டும் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். திரும்பும்போது நெடுங்கண்டம் வரை எல்லோருக்கும் ஒரே பஸ். கூட்டத்தில் அவன் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்து என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவனை உட்காரச் சொல்லவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. அன்று கேமராவை மூடிய பிறகும் சத்தம் பதிகிற மிஷினில் நாடா சுற்றிக்கொண்டேதான் இருந்தது, நான் கண்ணால் பார்த்தேன். டீ குடிக்கப் போகாமல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிஷின் பக்கத்திலேயே இருந்த முன்வழுக்கைக்காரர் உன்னோடு வேலை செய்கிறவராமே, அவர் என்னைப் பார்த்தார், பார்த்தும் அதை நிறுத்தவில்லை. அந்த டேப் அங்கே எங்கேயாவது இருக்கும். அவன் நாளைக்கு மிரட்டலுக்குப் பயந்து பேச்சை மாற்றினாலும் அது மாறாது. அதைக் கண்டுபிடித்துப் பத்திரப்படுத்து. என் கை வருகிற அந்தக் காட்சியை மன்னிப்பு என்று காட்டினால் அதே இடத்தில் இந்தக் குரலையும் போட வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும் என்று டைரக்டரிடம் சொல். சொன்னால் வேலை போகுமோ என்று பயப்படுவாய், எனக்குத் தெரியும். உன் அப்பாவைப் போ என்று விட்ட பிறகும் அவர் திரும்பி வந்தார். நீ அவருடைய பிள்ளை. அவரைப் பற்றி யார் கேட்டாலும் இனிமேல் இதை முதலில் சொல். நானும் லயத்தில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீம்பு பிடித்த மனுசன் என்று சொன்ன வாயெல்லாம் இப்போது கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஏழு வருஷம் அவரைத் திட்டினதற்கு நான் அவரிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், தினம் கேட்கிறேன்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று சாப்பிடாமல் இருக்காதே. போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அந்தக் காய்ச்சல் விட்டதா என்று எழுது. அங்கே கடல் காற்று, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. தங்கச்சி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அம்மன் உனக்கு நல்ல புத்தியும் நிமிர்ந்து பேசுகிற தைரியமும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டேப்பைக் கேட்டுப் போ, மறுநாளைக்கு என்று தள்ளாதே. என் பேரில் இனி யாரிடமும் எதையும் நீ சொல்ல வேண்டாம். நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கு வாய் இருக்கிறது.

சங்கையா மனைவி,
உன் அம்மா,
ராமுத்தாய்.