இடது கால் முதலில்

ஜூன் 4, வியாழன்

சிட்டு,

சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "யாருக்கு?" என்றார். "உங்க தங்கச்சிக்கு" என்றேன். "நான் விசாரிச்சேன்னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிவிட்டேன்.

தலையில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ திரும்பி வரவே இல்லை. அன்றோடு நானும் அந்தச் சூட்டு அறைப் பக்கம் போகவில்லை. உனக்கு நினைவிருக்கும், முதலில் என்னைக் கூப்பிட்டபோது எவ்வளவு திட்டினேன் என்று. லாண்டரியில் நாள் முழுக்க ஹோட்டல் விரிப்புகளை ஆவியில் தேய்க்கிறவள், சாயங்காலம் ஹீட்டர் போட்ட அறையில் போய் வேர்த்து யோகா செய்ய வேண்டுமா என்றேன். "அண்ணி, அங்க வேலைக்குச் சுடுது, இங்க நமக்குச் சுடுது, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாய்.

இப்போது தோள் பூட்டிக்கொண்டது. விரிப்பை உதறக் கை பாதிதான் எழும்புகிறது. மேஸ்திரி, "என்னக்கா, சல்யூட் பாதியிலயே நிக்குது" என்கிறார். அதனால் திரும்பப் போகலாம் என்று இருக்கிறேன்.

ஒன்றுதான் யோசனை. எனக்கு ஒரு ஆசனத்தின் பேரும் தெரியாது. வாத்தியாரம்மா சொல்வது நம் மூலையில் ஹீட்டர் இரைச்சலில் கேட்காது. கேட்டாலும் நான் எங்கே காது கொடுத்தேன்? உன் முதுகு என்ன செய்ததோ அதை என் உடம்பு செய்தது. முன்னால் நீ இல்லாமல் எனக்கு ஒன்றாவது வருமா என்று தெரியவில்லை. ஆனாலும் போகத்தான் போகிறேன்.

தோள் வலியோடும் ஓயாத வாயோடும்,
உன் அண்ணி

ஜூன் 9, செவ்வாய்

சிட்டுக் கழுதைக்கு,

கோபமாக இருக்கிறேன். மானத்தை வாங்கிவிட்டாய்.

நம் மூலையில் யாரோ விரிப்பைப் போட்டிருந்தார்கள். எனக்கு முதல் வரிசையில் கண்ணாடிக்கு நேரே இடம். கையைத் தலைக்கு மேலே கோத்துப் பக்கவாட்டில் வளைவோமே, அதுதான் முதலில். நான் எப்போதும் போல இடது பக்கம் வளைந்தேன். என் இடது பக்கம் நின்ற தபால் ஆபீஸ் அம்மா வலது பக்கம் வளைந்தார். இரண்டு மண்டையும் முட்டிய சத்தம் அந்த இரைச்சலையும் மீறிக் கேட்டது. "பரவாயில்லைங்க, எனக்குக் கெட்டி மண்டை" என்றார் அவர். அறையே சிரித்தது.

பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். அத்தனை பேரும் வலது காலைத் தூக்கி நிற்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் இடது காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறேன்.

முடிந்ததும் வாத்தியாரம்மா துண்டோடு வந்தார்.

"அக்கா, எல்லாமே வலதுதான் முதல்ல."

"நாங்க எப்பவும் இடதுதானேம்மா?"

"உங்க நாத்தனாருக்கு இடது முட்டியில அடி. அந்தக் கால்ல முதல்ல ஊனி நிக்கப் பயம். அதான் எல்லாத்தையும் மாத்தி ஆரம்பிச்சாங்க. உங்க முட்டிக்கு என்ன?"

என் முட்டிக்கு ஒன்றுமில்லை.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி அவங்க சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேதான் நிப்பாங்க" என்றும் சொன்னார். நீ சுவரைத் தொட்டு நான் பார்த்ததே இல்லையே சிட்டு. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு இடதுதாம்மா வரும்" என்றேன். மல்லுக்கு நிற்பது போல இருந்திருக்கும். அவர் சிரித்துவிட்டார். "அப்ப மூலைக்கே போயிடுங்க. அங்க யார் மண்டையும் உடையாது."

இத்தனை நாள் பின்னால் நின்றவளிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு என்னடி?

நெற்றியில் வீக்கத்தோடு,
அண்ணி

ஜூலை 12, ஞாயிறு

சிட்டு,

கோபம் ஆறிவிட்டது. தோளும் திறந்துவிட்டது. விரிப்பை நான் உதறுகிற உதறலில் மேஸ்திரி தள்ளி நிற்கிறார்.

ஒரு வகுப்பும் விடுவதில்லை. உன் அண்ணன் என் ஈரத் துண்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு அலசிப் போடுகிறார். "இதுல பாதி என் தங்கச்சியோட வேலை" என்று முணுமுணுக்கிறார்.

நீ நின்ற இடத்தில், சுவர் ஓரமாக நிற்கிறேன். முன்னால் பார்த்துச் செய்ய யாரும் இல்லை. இருந்தும் உடம்புக்கு வரிசை தெரிகிறது. சில நாள் கால் ஆடும், சுவர் பக்கம் கை போகும். தொடமாட்டேன். நீ தொட்டதில்லை, நானும் தொடமாட்டேன்.

உடம்பு லேசாக இருக்கும்
உன் அண்ணி

ஆகஸ்ட் 20, வியாழன்

சிட்டு,

நான் முன்பு நின்ற இடத்துக்கு, இப்போது என் முதுகுக்குப் பின்னால், ஒருத்தி வந்திருக்கிறாள். பேக்கரியில் ரொட்டி சுடுகிறவள். என்னைப் போலவே ஒரு அடுப்பிலிருந்து இன்னொரு அடுப்புக்கு வந்தவள். முதல் நாள் பாதியிலேயே முகம் செக்கச் செவேல் என்றாகி உட்கார்ந்துவிட்டாள். "மூச்சை விடும்மா, இங்க யாரும் பரிசு தரப் போறதில்ல" என்றேன். மறுபடி எழுந்து நின்றாள்.

இன்று துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அவங்க சொல்றது ஒன்னும் காதுல விழல. உங்களைப் பார்த்துத்தான் செய்யறேன்."

வாத்தியாரம்மாவின் பார்வை எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. வகுப்பு நடுவில் அவர் எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடியில் பார்த்து, புருவத்தைத் தூக்கினார். மூலையில் இரண்டு கொக்கு, இரண்டும் இடது கால். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம்.

சொல்லத்தான் வேண்டும். அவள் முட்டிக்கும் ஒன்றுமில்லை, நாளைக்கு யார் மண்டையிலாவது முட்டுவாள். சொல்ல வாயெடுத்தேன். "நாளைக்கும் வருவீங்கல்ல அக்கா?" என்று கேட்டாள். "வருவேன், வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் வந்த நாளிலிருந்து என் கை சுவர் பக்கம் போகவே இல்லை. பின்னால் ஒருத்தி நம்மை நம்பிக் காலைத் தூக்குகிறாள் என்று தெரிந்தால், நம் கால் ஆடுவதில்லை.

இதனால்தான் நீயும் என்னிடம் சொல்லவில்லையா, சிட்டு?